நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்: முக எலும்பைப் புதிதாக வளர்க்கும் சிகிச்சை

அறிவியல் ஆய்வகத்தின் மூலையில் தொங்கும் எலும்புக்கூடு நம் மாணவர்களுக்கு ஒரு தவறான பாடத்தையும் சேர்த்தே நடத்திவிடுகிறது. 206 எலும்புகளையும் தொட்டுக் காட்டலாம், பெயர் சொல்லலாம். ஆனால் அது காய்ந்து வெளுத்த, உயிரற்ற பொருள். அதையே பார்த்துப் பழகிய மாணவர், எலும்பு என்பது கட்டடத் தூணுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி போன்றது, ஒருமுறை வைத்தால் வைத்தபடியே இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார். உயிருள்ள உடலில் இருக்கும் எலும்பு அப்படிப்பட்டதல்ல. அதற்குள் இரத்தம் ஓடுகிறது. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. தோலில் ஆழமாக வெட்டுப்பட்டால் தழும்பு நிற்கும். எலும்பு முறிந்து ஒழுங்காகக் கூடினாலோ, ஓரிரு ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரேயில் முறிந்த இடத்தைத் தேடவேண்டியிருக்கும்.

எலும்பின் இந்த இயல்பைப் பயன்படுத்தும் ஒரு சிகிச்சையைப் பற்றித்தான் இக்கட்டுரை. பிறவியிலேயே தாடை சிறுத்துப்போன குழந்தைக்கு, அந்தத் தாடை எலும்பை மருத்துவர் கவனமாக வெட்டுகிறார். வெட்டிய இரு முனைகளையும் சேர்த்துக் கட்டாமல், ஒரு சிறிய திருகுக் கருவியைப் பொருத்தி, நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் விலக்கிக்கொண்டே போகிறார். விலகும் இடைவெளியில் புதிய எலும்பு உருவாகிறது. இதற்கு டிஸ்ட்ராக்‌ஷன் ஆஸ்டியோஜெனிசிஸ் என்று பெயர். தமிழில் ‘இழுவை எலும்பாக்கம்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னபோது உடனே வந்த கேள்வி: “அப்படின்னா எலும்பு ரப்பரா சார்?” நல்ல கேள்வி. ரப்பரை இழுத்தால் அது மெலிகிறது, விட்டால் பழைய நீளத்துக்குச் சுருங்குகிறது. இங்கே பழைய எலும்பு ஒரு மயிரிழை கூட நீள்வதில்லை. இரண்டு துண்டுகளும் அதே அளவில்தான் இருக்கின்றன. நடுவே இதுவரை இல்லாத எலும்பு பிறக்கிறது. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

காலில் தொடங்கியது

எலும்பை நீட்டும் முயற்சி முகத்தில் தொடங்கவில்லை, காலில் தொடங்கியது. 1905-இல் இத்தாலியின் அலெஸாண்ட்ரோ கோடிவில்லா, ஒரு கால் குட்டையாக இருந்தவர்களின் தொடை எலும்பை வெட்டி, பலமாக இழுத்து நீட்டும் முறையை வெளியிட்டார். இழுத்தது வேகமாக. எலும்பு விலகினாலும் நரம்பும் தசையும் இரத்தக் குழாயும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அடுத்து வந்த பலரும் இதே சிக்கலில்தான் மாட்டினார்கள்.

விடை சைபீரியாவிலிருந்து வந்தது. சோவியத் ஒன்றியத்தின் குர்கன் என்ற நகரில் (டெல்லி அருகே உள்ள குர்கான் அல்ல) கவ்ரீல் இலிசாரோவ் என்ற மருத்துவர் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பணியாற்றினார். போரில் காலெலும்பு நொறுங்கி, ஆண்டுக்கணக்கில் கூடாமல் இருந்தவர்கள் அவரிடம் வந்தார்கள். அவர் உலோக வளையங்களைக் காலைச் சுற்றி வைத்து, மெல்லிய கம்பிகளை எலும்பின் ஊடே செலுத்தி, வளையத்தோடு இறுக்கிக் கட்டினார். வளையங்களை இணைக்கும் திருகுகளைத் திருப்பினால் எலும்பு முனைகள் நெருங்கும். நெருக்கிப் பிடித்து ஒட்டவைப்பதுதான் அவருடைய நோக்கம். ஒரு நோயாளி திருகை எதிர்த்திசையில் திருப்பிவிட்டார், முனைகள் நெருங்காமல் விலகின, ஆனாலும் அந்த இடைவெளியில் எலும்பு நிறைந்திருந்ததை எக்ஸ்ரேயில் கண்டு இலிசாரோவ் வியந்தார் என்று ஒரு கதை சொல்லப்படுவதுண்டு.

கதை எப்படியோ, அதன் பின் அவர் செய்த சோதனைகள்தான் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை. நாய்களின் காலெலும்பை நாளுக்கு 0.5 மி.மீ., 1 மி.மீ., 2 மி.மீ. என மூன்று வேகங்களில் விலக்கிப் பார்த்தார். 0.5 மி.மீ. வேகத்தில் இடைவெளி பல சமயம் முன்கூட்டியே கெட்டிப்பட்டு, மேற்கொண்டு விலக்க முடியாமல் போனது. 2 மி.மீ. வேகத்தில் திசுக்கள் பாதிக்கப்பட்டன. 1 மி.மீ. சரியாக அமைந்தது. அந்த 1 மி.மீட்டரையும் ஒரே திருப்பில் விலக்குவதைவிட நான்கு முறையாகப் பிரித்து விலக்கியபோது விளைவு நன்றாக இருந்தது. தானியங்கிக் கருவி வைத்து 60 முறையாகப் பிரித்தபோது இன்னும் நன்றாக இருந்தது. மாறிகளைக் கட்டுப்படுத்திச் செய்யும் சோதனைக்கு ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் எடுத்துக்காட்டாகச் சொல்ல இது ஏற்றது. வேகம் ஒரு மாறி, தவணைகளின் எண்ணிக்கை இன்னொரு மாறி. இரண்டையும் அவர் தனித்தனியே சோதித்தார்.

குர்கனில் நடந்தது மேற்கு நாடுகளுக்குப் பரவலாகத் தெரிய 1980-கள் வரை ஆயிற்று. கார்லோ மவ்ரி என்ற இத்தாலிய மலையேற்ற வீரர், பல ஆண்டுகளாக ஆறாத தன் காலைக் குர்கனில் குணப்படுத்திக்கொண்டு ஊர் திரும்பினார். அதைப் பார்த்த இத்தாலிய மருத்துவர்கள் 1981-இல் இலிசாரோவைத் தங்கள் நாட்டுக்கு வரவழைத்தார்கள்.

முகத்துக்கு வந்தபோது

தாடையில் இதைச் செய்ய முடியுமா என்பது வேறு கேள்வி. கை, கால் எலும்பைச் சுற்றி வளையம் மாட்டலாம். முகத்தில் மாட்ட முடியாது. தாடைக்குள் கீழ் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. குழந்தையின் தாடையில் இன்னும் முளைக்காத நிலைப்பற்களின் மொட்டுகள் வரிசையாகப் புதைந்திருக்கின்றன. வெட்டும் இடம் சற்றே தவறினாலும் உதடு மரத்துப்போகலாம், பல் முளைக்காமல் போகலாம்.

1973-இல் அமெரிக்காவில் ஸ்னைடர் குழுவினர் நாயின் கீழ்த்தாடையை இவ்விதம் நீட்டிக் காட்டினர். மனிதரில் இதைச் செய்து 1992-இல் அறிக்கை வெளியிட்டவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜோசப் மெக்கார்த்தியும் அவரது குழுவினரும். நான்கு குழந்தைகளின் கீழ்த்தாடை 18 முதல் 24 மி.மீ. வரை நீட்டப்பட்டிருந்தது. காகிதத்தில் அளவுகோல் வைத்து 24 மி.மீ. வரைந்து பாருங்கள். சிறு குழந்தையின் தாடையில் அது எவ்வளவு பெரிய நீளம் என்பது புரியும்.

அதற்கு முன் என்ன செய்தார்கள்? பெரும்பாலும் குழந்தையின் விலா எலும்பிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தாடையில் வைத்தார்கள். இப்போதும் சிலருக்கு அது தேவைப்படுகிறது. ஆனால் மார்பில் இன்னொரு காயம், வைத்த துண்டு சில நேரம் கரைந்துபோகும், சில நேரம் அளவுக்கு மீறி வளரும். மேலும், ஒரே நாளில் தாடையை 20 மி.மீ. முன்னே கொண்டுவந்தால், அதைச் சுற்றியுள்ள தசையும் தோலும் பழைய அளவிலேயே இருக்கும், தாடையைப் பின்னுக்கு இழுக்கும். மெல்ல நீட்டும்போது தசை, தோல், நரம்பு, இரத்தக் குழாய் எல்லாம் எலும்போடு சேர்ந்தே வளர்கின்றன. இம்முறையின் பெரிய ஆதாயம் இதுதான் என்பது என் கருத்து. தலைப்பில் எலும்பு மட்டும் இருந்தாலும், வளர்வது முகத்தின் அந்தப் பகுதி முழுவதும்.

இடைவெளிக்குள் நடப்பது

எலும்பை வெட்டியதும் அந்த இடத்தில் இரத்தம் கட்டுகிறது. எல்லா முறிவிலும் நடப்பதுதான். அழற்சிச் செல்கள் வந்து சேர்கின்றன, புதிய நுண்குழாய்கள் நுழைகின்றன, மென்மையான திசுத் திரள் ஒன்று உருவாகிறது. இதற்காகவே மருத்துவர் திருகை உடனே தொடுவதில்லை. வழக்கமாக 5 முதல் 7 நாள் காத்திருக்கிறார். பச்சிளம் குழந்தைக்கு எலும்பு மிக விரைவில் கூடும் என்பதால், ஒரு நாள் காத்திருந்தாலே போதும், சில நேரம் அதுகூடத் தேவையில்லை.

சாதாரண முறிவில் இந்த மென்மையான திரள் கெட்டியாகி எலும்பாகிவிடும், கதை முடிந்தது. இங்கே அது கெட்டியாகும் முன் இழுவை தொடங்குகிறது. திரளில் உள்ள செல்கள் கொலாஜன் என்ற புரத இழைகளைச் சுரக்கின்றன. இழுவை இல்லாவிட்டால் அந்த இழைகள் வைக்கோல் போர் மாதிரி கலைந்து கிடக்கும். இழுவை இருந்தால் பாவு நூல் போல இழுக்கும் திசையில் வரிசையாக நிற்கும். இந்த இழைகள்தான் சாரம். இரண்டு எலும்பு முனைகளிலிருந்தும் எலும்பாக்கச் செல்கள் (ஆஸ்டியோபிளாஸ்ட்கள்) சாரத்தைப் பிடித்து நடுப்பகுதியை நோக்கி முன்னேறி, கால்சியமும் பாஸ்பேட்டும் கலந்த தாதுவைப் படியவைக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால், இரு கரையிலிருந்தும் நடுவை நோக்கி நீளும் எண்ணற்ற மெல்லிய எலும்புத் தூண்களும், அவற்றின் இடையே இரத்த நுண்குழாய்களும் தெரியும்.

நடுவில் மட்டும் ஒரு மெல்லிய பட்டை, இழுத்துக்கொண்டிருக்கும் வரை எலும்பாகாமல் இழைத் திசுவாகவே இருக்கிறது. புதிய செல்கள் பெருகும் களம் அதுதான். வளரும் குழந்தையின் கை, கால் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு இருப்பதை நாம் பாடத்தில் சொல்கிறோம். அது குருத்தெலும்பு, இது இழைத் திசு. ஆனாலும் வேலை ஒன்றுதான். இயற்கை வைக்காத இடத்தில் மருத்துவர் ஒரு தற்காலிக வளர்ச்சித் தட்டை உண்டாக்கி, திருகின் மூலம் அதை ஓட்டுகிறார் என்று சொல்லலாம். திருகை நிறுத்தியதும் இரு கரைத் தூண்களும் நடுவில் வந்து கைகோக்கின்றன, பட்டை மறைகிறது.

செல்லுக்கு இழுவை எப்படித் தெரிகிறது? செல்கள் தம்மைச் சுற்றியுள்ள இழைகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இழை இழுபட்டால், பிடித்திருக்கும் இடத்தில் உள்ள புரதங்கள் வழியாக அந்தச் செய்தி செல்லின் உட்கருவரை போகிறது, எந்த ஜீன்கள் வேலை செய்ய வேண்டும் என்பது மாறுகிறது. 2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்டெலிகளின் தாடையில் இதை ஆராய்ந்தார்கள். சில எலிகளுக்கு வெறும் முறிவு, சிலவற்றுக்கு ஒரே முறையில் நீட்டல், சிலவற்றுக்கு மெல்ல மெல்ல நீட்டல். மெல்ல நீட்டிய தாடைகளில் இருந்த எலும்பு முதல்நிலைச் செல்கள், கருவில் முகம் உருவாகும்போது வேலை செய்யும் ஜீன்களில் பலவற்றை மீண்டும் இயக்கியிருந்தன.

இதன் பொருள் சற்றே விளக்கத்துக்குரியது. நம் தொடை எலும்பும் தாடை எலும்பும் பார்ப்பதற்கு ஒரே பொருள்தான், பிறப்பிடம் வேறு. தொடை எலும்பு கருவின் நடு அடுக்கிலிருந்து வருகிறது. தாடையும் முகத்தின் பெரும்பாலான எலும்புகளும், மூளையும் தண்டுவடமும் உருவாகும் பகுதியின் விளிம்பிலிருந்து கிளம்பி முகத்தை நோக்கிப் பயணம் செய்யும் ஒருவகைச் செல்களிலிருந்து (நரம்பு முகட்டுச் செல்கள்) வருகின்றன. பிறந்து வளர்ந்த பிறகும், சரியான அளவில் இழுத்தால் தாடைச் செல்கள் அந்தப் பழைய நினைவுக்குத் திரும்புகின்றன. திடீரென்று இழுத்தால் திரும்புவதில்லை. இலிசாரோவ் எக்ஸ்ரேயில் கண்டதற்கு மூலக்கூறு அளவில் கிடைத்த விளக்கங்களில் ஒன்று இது.

வேகம் தவறினால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்தே புரியும். மிக வேகமாக விலக்கினால் நுண்குழாய்கள் அறுகின்றன, இரத்தம் போகாத இடத்தில் எலும்புக்குப் பதில் வெறும் நார்த்திசு நிறைகிறது. மிக மெதுவாகப் போனால் நடுப்பட்டை எலும்பாகிவிடும், திருகு நகராது.

மாவு பிசைந்து வகுப்பில் காட்ட நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மாவை மெல்ல இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் அறும். வேகத்தை விளக்க அது உதவும். ஆனால் நீளும் மாவு மெலிகிறது, எலும்பு மெலிவதில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் ‘எலும்பு ரப்பரா’ என்ற இடத்துக்கே மாணவர் திரும்பிப் போய்விடுவார்.

யாருக்குத் தேவைப்படுகிறது

அழகுக்காகச் செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். பல குழந்தைகளுக்கு இது மூச்சுக்காகச் செய்வது. 1923-இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் ரொபேன் விவரித்த ஒரு நிலையில், கீழ்த்தாடை மிகச் சிறுத்திருப்பதால் நாக்கு பின்னோக்கிச் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கும். பல குழந்தைகளுக்கு அன்னப்பிளவும் சேர்ந்திருக்கும். பெரும்பாலோரைக் குப்புறப் படுக்கவைப்பது போன்ற எளிய வழிகளால் காப்பாற்றலாம். அது போதாதபோது, முன்பு கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதே வழியாக இருந்தது. இப்போது பிறந்த சில வாரங்களிலேயே தாடையை நீட்டினால், தாடையோடு நாக்கும் முன்னே வந்து பாதை திறக்கிறது, குழாயைத் தவிர்க்க முடிகிறது.

முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிறுத்திருக்கும் நிலை இன்னொன்று. பெரும்பாலும் அந்தப் பக்கக் காதும் சிறுத்திருக்கும், கேட்கும் திறனும் குறைந்திருக்கும். முகத்தின் பிறவிக் குறைபாடுகளில் பிளவுகளுக்கு அடுத்தபடியாகக் காணப்படுவது இதுதான். நம் வகுப்பில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், முகத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், எந்தக் காது கேட்கிறது என்று தெரிந்து அதற்கேற்ற பக்கம் உட்காரவைப்பதே முதல் வேலை. குரூசோன், அபேர் என்ற பெயர்களில் அறியப்படும் நிலைகளில் முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கி, கண்கள் பிதுங்கித் தெரியும். அவர்களுக்குத் தலையைச் சுற்றி வளையம் பொருத்தி மேல்தாடையை முன்னே கொண்டுவருகிறார்கள்.

இந்தக் குழந்தைகள் பலர் இரவில் குறட்டை விடுவார்கள், தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டுத் தடைப்பட்டு வரும். பகலில் வகுப்பில் தூங்கி வழிவார்கள், கவனம் சிதறும். தாடை சிறுத்த மாணவர் மதியத்துக்கு முன்பே மேசையில் சாய்ந்தால், சோம்பேறி என்று முடிவுகட்டும் முன் இரவுத் தூக்கத்தைப் பற்றிப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இது தீர்வு என்று சொல்லவும் கூடாது. கருவியைப் பொருத்த ஒன்று, கழற்ற ஒன்று என இரண்டு அறுவை சிகிச்சைகள். வெளியே கம்பி தெரியும் கருவி என்றால் தோலில் தழும்பு. நோய்த்தொற்று, உதட்டில் மரப்பு, பல் மொட்டுக்குச் சேதம் ஆகியவை ஏற்படக்கூடும். ஒரு பக்கம் சிறுத்த முகத்தில், நீட்டிய பக்கம் மறுபக்கத்துக்கு ஈடாகத் தொடர்ந்து வளராமல் போகலாம். அப்போது வளர்ச்சி முடியும் வயதில் மீண்டும் சிகிச்சை தேவைப்படும். எந்த வயதில் செய்வது நல்லது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு.

பள்ளிக்குத் திரும்பும்போது

சிகிச்சையின் நாட்கணக்கைப் பார்ப்போம். காத்திருப்பு 5 நாள். நீட்ட வேண்டியது 20 மி.மீ., நாளுக்கு 1 மி.மீ. என்றால் 20 நாள். அதன் பின் புதிய எலும்பு கெட்டிப்பட 8 வாரம், அதாவது 56 நாள். மொத்தம் 81 நாள். திருகின் ஒரு முழுச் சுற்று 0.5 மி.மீ. நகர்த்தும் என்றால் பெற்றோர் மொத்தம் எத்தனை சுற்று திருப்ப வேண்டும்? ஆறாம் வகுப்புக்கு இது நல்ல வாழ்க்கைக் கணக்கு.

இந்த 81 நாளில் குழந்தை மருத்துவமனையில் இருப்பது சில நாட்கள்தான். திருகைத் திருப்புவது வீட்டில், பெரும்பாலும் தாய் அல்லது தந்தை. கெட்டிப்படும் காலத்தில் குழந்தைக்கு வலி குறைந்து, சுறுசுறுப்பாகவே இருக்கும். கருவியோடு பள்ளிக்கு வரவும் கூடும். அப்போது இரண்டு செய்திகள் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீட்டல் முடிந்துவிட்டது என்பதற்கு எலும்பு முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. நடுவில் இருப்பது இன்னும் முழுதாகத் தாது ஏறாத எலும்பு. முட்டிமோதும் விளையாட்டுகள் கருவி கழற்றி மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். சத்துணவில் கடித்து மெல்ல வேண்டியவற்றைத் தவிர்த்து, குழைந்த சோறு, பருப்பு, மசித்த முட்டை என மென்மையாகக் கொடுக்க அமைப்பாளரிடம் சொல்லிவைக்கலாம். குழந்தையைத் தனியே உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லாதீர்கள்.

அதைவிட முக்கியம், குழந்தை வருவதற்கு முதல் நாள் வகுப்பில் பேசுவது. பெற்றோரின் ஒப்புதலோடு, குழந்தை விரும்பினால் மட்டும். “நாளைக்கு வரும்போது முகத்தில் ஒரு கருவி இருக்கும், அது உள்ளே புது எலும்பு வளர்க்கிறது” என்று சொல்லி இக்கட்டுரையில் உள்ளதைப் பத்து நிமிடம் விளக்கினால் போதும். காரணம் தெரிந்த பிள்ளைகள் கேலி செய்வதைவிடக் கேள்வி கேட்பதில் ஆர்வம் காட்டுவார்கள். பட்டப்பெயர் வைப்பதை மட்டும் முதல் நாளே, முதல் முறையே தடுத்துவிட வேண்டும். அதில் தவணை முறை உதவாது.

இதுவரை மருத்துவரைப் பார்க்காத குழந்தை வகுப்பில் இருந்தால், ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியச் சிறார் நலத்திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில் அவரைத் தவறாமல் காட்டுங்கள். 2013-இல் தொடங்கிய இத்திட்டம் 18 வயது வரை உள்ளவர்களின் பிறவிக் குறைபாடுகளைக் கண்டறிந்து, உரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறது. உதட்டுப்பிளவும் அன்னப்பிளவும் அதன் பட்டியலிலேயே உள்ளன. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமும் சொல்லலாம். தாடை, முக அறுவை சிகிச்சை நம் நாட்டில் பல் மருத்துவத்தின் மேற்படிப்புத் துறைகளில் ஒன்று என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம் என்ற ஒரு தகவலே சில குடும்பங்களுக்குப் பெரிய உதவி.

பிறவிக் குறைபாடு இல்லாத பிள்ளைக்கும் தாடை சிறுத்துப்போக ஒரு வழி உண்டு, அது நம் விளையாட்டுத் திடலிலேயே நடக்கக்கூடியது. முகவாய் தரையில் மோதும்படி விழுந்தால், அடி மேலே ஏறிக் காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டில் இறங்குகிறது. அங்கே ஏற்படும் முறிவு வெளியே தெரியாது. முகவாயில் இருக்கும் சிறு காயத்துக்கு மருந்து போட்டு அனுப்பிவிடுவோம். கவனிக்கப்படாத முறிவு சிலருக்கு மூட்டையே எலும்பாக ஒட்டவைத்துவிடும். மாதங்கள் செல்லச் செல்ல வாய் திறப்பது குறையும். குழந்தையின் தாடை வளர்வதற்கான முக்கிய இடங்களில் ஒன்று அந்த மூட்டு என்பதால் வளர்ச்சியும் நிற்கும். பிறகு மூட்டை விடுவித்து, மேலே சொன்ன முறையில் தாடையை நீட்ட வேண்டியிருக்கும். ஆகவே முகவாயில் அடிபட்ட பிள்ளையை அன்றே மருத்துவரிடம் அனுப்புவதோடு, அடுத்த சில மாதங்களுக்கு அவ்வப்போது வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பிள்ளையின் மூன்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையே நுழைய வேண்டும். இரண்டுதான் நுழைகிறது, அல்லது திறக்கும்போது தாடை ஒரு பக்கம் கோணுகிறது என்றால், பெற்றோரை அழைத்துப் பல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.